கொலாட்ஸ் தொடர் நிற்காமல் ஓடுகிறதா? வாலைப் பாருங்கள்

புதிதாக ஒரு புரோகிராமிங் மொழி கற்பவர் கைக்கு முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும் கணக்கு இது. ஒரு முழுவெண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டால் வகுபட்டால் பாதியாக்க வேண்டும். வகுபடாவிட்டால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். வந்த விடைக்கும் அதே விதி. 1 வந்ததும் நிறுத்திவிடலாம். 6-இல் தொடங்கினால் 6, 3, 10, 5, 16, 8, 4, 2, 1 என்று முடியும். ஜெர்மன் கணிதவியலர் லோதர் கொலாட்ஸ் 1937 வாக்கில் யோசித்தது என்பார்கள். அவர் பெயரே நிலைத்துவிட்டது.

எழுதினால் நாலைந்து வரிதான்:

எ = 1 ஆகும்வரை திரும்பத் திரும்ப:
– எ % 2 = 0 எனில், எ ← எ ÷ 2
– இல்லையேல், எ ← 3 × எ + 1
– படி ← படி + 1

(% என்பது மீதி. எ என்பது கையில் இருக்கும் எண். பெரிய எண்களைத் திரையில் வருவதுபோலவே காற்புள்ளி போடாமல் எழுதுகிறேன், ஒப்பிட வசதியாக இருக்கும்.)

இந்த நாலு வரிக்குள் எத்தனை விதமாகத் தப்பு செய்யலாம் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். கீழே வருவதில் பாதிக்கு மேல் நானே செய்தவை.

பிழை தேடும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். எந்த எண்ணில் தொடங்கினாலும் 1-க்கு வந்தே தீரும் என்பதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதனால் புரோகிராம் நிற்காமல் ஓடும்போது, "ஒருவேளை நம் எண்தான் 1-க்கு வராத அந்த அபூர்வ எண்ணோ?" என்று ஒரு நப்பாசை எட்டிப் பார்க்கும். வேண்டாம். 2⁶⁸ வரையுள்ள எல்லா எண்களும் 1-க்கு வருகின்றன என்று 2020-லேயே கணினியில் சரிபார்த்துவிட்டார்கள். அது 295147905179352825856, இருபத்தொரு இலக்கம். நீங்கள் கையால் தட்டும் எண் அதற்குள்தான் இருக்கும். எனவே நிற்கவில்லை என்றால் தப்பு எண்ணில் இல்லை, வரியில்தான்.

சரி, உங்கள் புரோகிராம் தரும் விடைகளை முதலில் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1-க்கு 0 படி, 6-க்கு 8, 7-க்கு 16, 97-க்கு 118, 871-க்கு 178. முக்கியமாக 27: அது 111 படி எடுக்கும், நடுவில் 77-ஆம் படியில் 9232 வரை ஏறி இறங்கும். சோதிக்க ஒரே ஓர் எண்தான் அனுமதி என்றால் நான் 27-ஐத்தான் எடுப்பேன்.

அறிகுறி: புரோகிராம் நிற்கவே இல்லை

ஒவ்வொரு எண்ணையும் அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்து ஓடவிடுங்கள். சில நொடி கழித்து நிறுத்தி, கடைசியில் வந்த இருபது எண்களை மட்டும் பாருங்கள். எந்தத் தப்பு நடந்தது என்பதற்கான கைரேகை அந்த வாலில் இருக்கும். எங்கே தொடங்கினீர்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை.

வாலில் 4, 2, 4, 2 என்று மாறி மாறி வருகிறது. "இல்லையேல்" என்ற இடத்தில் இன்னொரு "எனில்" போட்டிருக்கிறீர்கள். அதாவது முதல் வரி "இரட்டைப்படை எனில் பாதியாக்கு", அடுத்த வரி தனியாக "ஒற்றைப்படை எனில் 3எ + 1". எ = 2 என்று உள்ளே நுழைந்தால் முதல் வரி அதை 1 ஆக்கும். உடனே இரண்டாம் வரி, அட இது ஒற்றைப்படை என்று 4 ஆக்கிவிடும். சுற்றின் முடிவில் "1 ஆகிவிட்டதா?" என்று பார்க்கும்போது கையில் இருப்பது 4. ஒவ்வொரு சுற்றிலும் 1 வந்து போகிறது, யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது நிபந்தனையை அழித்துவிட்டு "இல்லையேல்" போடுங்கள்.

வாலில் 12, 6, 3 சுழல்கிறது. அடைப்புக்குறி இடம் மாறியிருக்கிறது. 3எ + 1 என்பதற்குப் பதில் 3(எ + 1). கூடவே இன்னோர் அடையாளமும் இருக்கும்: 2, 4, 8, 16 போன்ற இரண்டின் அடுக்குகள் மட்டும் ஒழுங்காக முடியும், மற்ற எதுவும் முடியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருமுறை 3(எ + 1) போட்டதும் எண் மூன்றின் மடங்காகிவிடுகிறது, பிறகு மடங்காகவே இருக்கும். அதை 3ம என்று எழுதினால் அடுத்து வருவது 3(3ம + 1). உள்ளே இருக்கும் ம-வுக்கு நடப்பது அசல் கொலாட்ஸ் விதியேதான். உங்கள் புரோகிராம் சரியான தொடரையே மூன்று மடங்காக்கி அச்சிட்டுக்கொண்டிருக்கிறது. 12, 6, 3 என்பது 4, 2, 1-இன் மூன்று மடங்கு. 1 வராமல் 3 வருவதால் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

வாலில் 5, 14, 7, 20, 10 சுழல்கிறது. கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் விழுந்திருக்கிறது: 3எ − 1. சில எண்கள் முடியும், சில இந்த ஐந்துக்குள் மாட்டும், இன்னும் சில 17, 50, 25, 74, 37... என்று பதினெட்டு எண் கொண்ட நீண்ட சுழற்சியில் போய் விழும். ஒரு குறி மாறியதற்கு இத்தனை.

வாலில் 13, 6, 19, 9, 4 சுழல்கிறது. நிபந்தனை தலைகீழ். ஒற்றைப்படையைப் பாதியாக்கி, இரட்டைப்படையை மூன்றால் பெருக்குகிறீர்கள். வகுத்தல் முழுவெண் வகுத்தல் என்பதால் மீதி சத்தமில்லாமல் கழிந்துபோகிறது. "மீதி இருந்தால்" என்று எழுத வேண்டிய இடத்தில் "மீதி இல்லையென்றால்" என்று எழுதுவது, சி மொழியில் பூஜ்ஜியம்தான் "பொய்" என்பதை மறப்பது, எல்லாம் இங்கேதான் கொண்டுவந்து விடும். 2, 3, 5, 7 ஆகியவை 1-க்கு வந்து முடிந்துவிடுவதால் சின்ன எண்களில் சோதித்தவர்களுக்குச் சந்தேகமே வராது. 4-ஐப் போட்டால் அப்போதே குட்டு உடையும்.

மேலே வந்த இரண்டு வால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

5, 14, 7, 20, 10
4, 13, 6, 19, 9

ஒன்று மற்றதைவிட ஒன்று குறைவு, ஐந்து இடத்திலும். தற்செயல் இல்லை. தலைகீழ் நிபந்தனையில் இரட்டைப்படை எ முதலில் 3எ + 1 ஆகிறது. அது ஒற்றைப்படை என்பதால் உடனே பாதியாகி 3எ ÷ 2 ஆகிறது. ஒற்றைப்படை எ, (எ − 1) ÷ 2 ஆகிறது. இப்போது எ-வோடு 1 கூட்டியதை ப என்று வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தால், ப இரட்டைப்படையானால் பாதி, ஒற்றைப்படையானால் (3ப − 1) ÷ 2. கழித்தல் குறி போட்டவர் செய்த அதே தப்பை நீங்களும் செய்திருக்கிறீர்கள், ஒரு படி தள்ளி நின்று. பதினெட்டு எண் சுழற்சியும் அப்படியே தள்ளி வரும்: 16, 49, 24, 73, 36... இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம், பிழை தீர்ந்த சந்தோஷத்தைவிடப் பெரிது.

வாலில் 13, 66, 33, 166, 83, 416... வருகிறது. 3-க்குப் பதில் 5. விசைப்பலகையில் விரல் வழுக்கியிருக்கும். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: எதிர்ம எண்களோ, பூஜ்ஜியமோ தெரிகின்றன

கூட்டலும் பெருக்கலும் பாதியாக்கலும் மட்டுமே உள்ள கணக்கில் எதிர்ம எண் எப்படி வரும்? வராது. வந்தால் ஓவர்ஃப்ளோ. எண்ணை வைக்கும் பெட்டி சின்னது, எண் பெரியது.

நான் முதன்முதலில் பத்து லட்சம் வரையுள்ள எண்களில் எது அதிகப் படி எடுக்கிறது என்று தேட ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதினேன். ராத்திரி ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் லேப்டாப் கொதித்துக்கொண்டிருந்தது, விடை இல்லை. எந்த எண்ணில் நிற்கிறது என்று அச்சிட்டுப் பார்த்தால் 113383. கணக்கு அதற்குமேல் ஓரடிகூட நகரவில்லை.

ஏன் சரியாக அந்த எண்? 32 பிட் கொண்ட சாதாரண "இன்ட்" வகை அதிகபட்சம் 2147483647 வரைதான் தாங்கும். 113383-க்கு முன்னால் உள்ள எந்த எண்ணும் அந்த உயரத்தைத் தொடுவதில்லை; 77671 மட்டும் 1570824736 வரை போய்த் தப்பித்துவிடுகிறது. 113383 ஏறும் வழியில் 827370449 வருகிறது. ஒற்றைப்படை. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2482111348. பெட்டி கொள்ளாது. ஜாவா எந்த எச்சரிக்கையும் தராமல் அதிலிருந்து 2³²-ஐக் கழித்து −1812855948 என்று வைத்துக்கொள்ளும். பாதியாக்கினால் −906427974, இன்னும் பாதி −453213987. இந்த மூன்றில் எதைத் திரையில் பார்த்தாலும் உங்கள் பிரச்சினை இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அதன் பிறகு என்ன ஆகும் என்பது நிபந்தனையை எப்படி எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது.

"எ % 2 = 1 எனில் மூன்றால் பெருக்கு, இல்லையேல் பாதி" என்று எழுதியிருந்தால் வாலில் 0, 0, 0 வரும். ஜாவாவிலும் சி-யிலும் −7 % 2 என்பது 1 இல்லை, −1. ஆகவே எதிர்ம ஒற்றைப்படை எதுவும் "ஒற்றைப்படை" என்று தேறாது. எல்லாமே பாதியாகி, பாதியாகி, −1 ÷ 2 = 0 என்று பூஜ்ஜியத்தில் முடியும். பூஜ்ஜியத்தின் பாதி பூஜ்ஜியம். என் லேப்டாப் ராத்திரி முழுக்கச் செய்த வேலை அதுதான், பூஜ்ஜியத்தைப் பாதியாக்குவது.

"எ % 2 = 0 எனில் பாதி, இல்லையேல் மூன்றால் பெருக்கு" என்று எழுதியிருந்தால் எண் எதிர்ம உலகத்திலேயே அலையும். அங்கே தெரிந்த சுழற்சிகள் மூன்று: −1, −2 என்பது ஒன்று, −5, −14, −7, −20, −10 இரண்டாவது, −17-இல் தொடங்கும் பதினெட்டு எண் சுழற்சி மூன்றாவது. ஆமாம், மறுபடியும் அதே 5, 14, 7, 20, 10. எதிர்ம எண்ணில் 3எ + 1 போடுவதும் நேர்ம எண்ணில் 3எ − 1 போடுவதும் ஒன்றேதான். ஆக கழித்தல் குறி, தலைகீழ் நிபந்தனை, ஓவர்ஃப்ளோ ஆகிய மூன்று தப்பும் ஒரே ரேகையை விட்டுச் செல்கின்றன. ஒன்று அப்படியே, ஒன்று ஒன்று குறைத்து, ஒன்று குறி மாற்றி.

ஆனால் மோசமானது மூன்றாவது வகை. லூப்பின் நிபந்தனையை "எ > 1 ஆக இருக்கும்வரை" என்று எழுதியிருந்தால் எண் எதிர்மமானதும் லூப் நிம்மதியாக முடிந்துவிடும். தொங்காது, பிழைச்செய்தி வராது, படிகளின் எண்ணிக்கை மட்டும் குறைவாக இருக்கும். பத்து லட்சத்துக்குள் அதிகப் படி எடுப்பது 837799, அதற்கு 524 படி. அதன் உச்சம் 2974984576, அதுவும் இன்ட் எல்லைக்கு மேலே. ஆகவே ஜெயிக்க வேண்டிய எண்ணே பாதியில் வெட்டுப்பட்டு, வேறொரு எண் முதலிடம் பிடித்திருக்கும். உங்கள் விடை 837799 இல்லையென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மருந்து எளிது: 64 பிட் வகைக்கு மாறுங்கள். குறியில்லாத 32 பிட் போதுமே என்று சிலர் சொல்வார்கள். 113383-ஐ அது காப்பாற்றும், 837799-ஐயும் காப்பாற்றும்; 159487 வந்ததும் 17202377752 வரை ஏறி அதையும் உடைத்துவிடும். அரைகுறை வைத்தியம்.

64 பிட்டுக்கும் எல்லை உண்டு, ஆனால் கொஞ்சம் தொலைவில். குறியுள்ள 64 பிட்டை முதலில் உடைக்கும் எண் 8528817511. அதன் உச்சம் 18144594937356598024. குறியில்லாத 64 பிட்டின் கொள்ளளவு 18446744073709551615. அதற்குள் மயிரிழையில் அடங்குகிறது. அதையும் உடைக்க 12327829503 வரை காத்திருக்க வேண்டும்.

சி, சி++ எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் வார்த்தை. குறியுள்ள எண் நிரம்பி வழிந்தால் என்ன நடக்க வேண்டும் என்று அந்த மொழிகளின் விதியில் எதுவும் சொல்லப்படவில்லை. "எ < 0 ஆனால் நிறுத்து" என்று நீங்கள் பாதுகாப்புக்கு எழுதும் வரியை, இது நடக்கவே நடக்காது என்று கம்பைலர் தூக்கிவிட உரிமை உண்டு. வழிந்த பிறகு பார்ப்பதைவிட, பெருக்கும் முன்பே எண் எல்லையின் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டதா என்று பாருங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு பொறி. வேகமாக இருக்கட்டும் என்று எ >> 1 என்று பாதியாக்குகிறவர்கள், அந்தக் குறி எண்ணை 32 பிட்டாக வெட்டிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2482111348 >> 1 போட்டுப் பாருங்கள். −906427974. மேலே பார்த்த அதே ஆள்தான்.

அறிகுறி: விடைகள் 13.0, 40.0 என்று புள்ளியோடு வருகின்றன

பைத்தானில் ஒற்றைச் சாய்கோடு போட்டிருக்கிறீர்கள். இரட்டைச் சாய்கோடு (//) வேண்டும். "விடை சரியாகத்தானே வருகிறது, புள்ளி இருந்தால் என்ன?" என்று விட்டுவிடாதீர்கள். தசம வகை எண்களால் 2⁵³ வரைதான், அதாவது 9007199254740992 வரைதான், எல்லா முழுவெண்ணையும் துல்லியமாக வைக்க முடியும். அதற்கு மேல் ஒற்றைப்படை எண் என்று ஒன்றே கிடையாது. எல்லாம் பக்கத்து இரட்டைப்படைக்கு உருண்டுவிடும். ஒற்றையா இரட்டையா என்பதை மட்டுமே நம்பி ஓடும் விதிக்கு இதைவிடக் கேடு வேண்டுமா? கொடுமை என்னவென்றால், முப்பது கோடி எண்களைச் சோதித்தாலும் இந்தத் தப்பு தலைகாட்டாது. 319804831-தான் முதலில் மாட்டும் எண். அது 1414236446719942480 வரை ஏறுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்கள் எல்லாமே இந்த வகைதான், அங்கே பிக்இன்ட் பயன்படுத்துங்கள்.

எக்செல்லில் செய்பவர்களுக்கு: ஒரு கட்டத்தில் பதினைந்து இலக்கம்தான் நிற்கும். பழைய பதிப்புகளில் அதற்கு முன்பே மீதி காணும் "மாட்" ஃபார்முலா கைவிட்டுவிடும். இரண்டால் வகுக்கும்போது 268435456-ஐத் தாண்டினால் எண் பிழை காட்டும். 60975-இல் தொடங்கினால் இதைப் பார்க்கலாம், அதன் உச்சம் 593279152. எண்ணைப் பாதியாக்கி, முழுவெண் பகுதியை இரட்டித்து, அசலிலிருந்து கழித்தால் அதே மீதி வேறு வழியில் கிடைக்கும். அப்புறம், 27-க்கு 112 வரிசை இழுக்க வேண்டும். நூறோடு நிறுத்திவிட்டு "1 வரவில்லையே" என்று கேட்டவர்கள் உண்டு.

அறிகுறி: பைத்தான் முதல் வரியிலேயே புரியாத பிழை காட்டுகிறது

ஸ்ட்ரிங் ஃபார்மேட்டிங் பற்றி ஏதோ சொல்லி நின்றுவிட்டதா? பயனரிடமிருந்து வாங்கிய 27-ஐ எண்ணாக மாற்றவில்லை. அது இன்னும் எழுத்துச்சரம். எழுத்துச்சரத்தின் பக்கத்தில் % போட்டால் பைத்தானுக்கு அது மீதி அல்ல, வார்ப்புருவில் மதிப்பைப் பொருத்தும் வேலை. உள்ளீட்டை இன்ட் ஆக்குங்கள், தீர்ந்தது.

அறிகுறி: 27-க்கு 111 வரவில்லை, 112 அல்லது 70 வருகிறது

பெரும்பாலும் இது பிழையே இல்லை, எதை எண்ணுகிறோம் என்ற குழப்பம். 111 என்பது படிகள். தொடக்க எண்ணையும் சேர்த்து உறுப்புகளை எண்ணினால் 112. ஒற்றைப்படை எண்ணில் 3எ + 1 போட்டால் கட்டாயம் இரட்டைப்படைதான் வரும் என்பதால், பலர் அந்தப் பாதியாக்கலையும் சேர்த்து (3எ + 1) ÷ 2 என்று ஒரே படியாகச் செய்வார்கள். அப்படி எண்ணினால் 70. பாதியாக்கிய தடவைகளும் 70, மூன்றால் பெருக்கிய தடவைகள் 41, கூட்டினால் 111.

நீல் ஸ்லோன் 1964-இல் திரட்டத் தொடங்கிய முழுவெண் தொடர்களின் இணையக் கலைக்களஞ்சியத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. படிகள் ஏ006577, உறுப்புகள் ஏ008908, பாதியாக்கல்கள் ஏ006666, பெருக்கல்கள் ஏ006667. எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு பிறகு பதறலாம்.

1-க்கு மட்டும் 3 படி என்று வந்தால் அது நிஜமான பிழை. லூப் முதலில் வேலையைச் செய்துவிட்டு, பிறகு நிபந்தனையைப் பார்க்கிறது. 1, 4, 2, 1 என்று ஒரு சுற்று சும்மா சுற்றிவருகிறது. நிபந்தனையை மேலே கொண்டுபோங்கள்.

அறிகுறி: பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு ஒரே விடை

98, 99, 100, 101, 102 ஐந்துக்கும் 25 படி. 28, 29, 30 மூன்றுக்கும் 18. இதைப் பார்த்துவிட்டு, பழைய மதிப்பை அழிக்காமல் விட்டுவிட்டோமோ என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். தேட வேண்டாம், விடை சரி.

28-ஐ எடுங்கள்: 28, 14, 7, 22. இப்போது 29: 29, 88, 44, 22. இரண்டும் மூன்றே படியில் 22-இல் சந்தித்துவிடுகின்றன. அதற்குப் பிறகு பாதை ஒன்றுதான். எட்டால் வகுத்தால் மீதி 4 வரும் எண்ணுக்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் எப்போதுமே இப்படித்தான். 8க + 4 என்பது 4க + 2, 2க + 1, 6க + 4 என்று போகும். 8க + 5 என்பது 24க + 16, 12க + 8, 6க + 4 என்று போகும். சந்திக்கும் இடம் ஒன்று. 12, 13, 20, 21, 100, 101 எல்லாம் இந்த ஜோடிதான்.

இதை ஒரு சோதனையாகவே பயன்படுத்தலாம். 8க + 4, 8க + 5 ஜோடிகளில் ஏதாவது ஒன்றில் படிகள் வேறுபட்டால் புரோகிராமில் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஒரே விதிவிலக்கு 4-உம் 5-உம். அங்கே 4 மூன்று படிக்கு முன்பே 1-ஐத் தொட்டு நின்றுவிடும்.

அறிகுறி: கேஷ் போட்டதும் உடைகிறது

கண்ட விடைகளைச் சேமித்துவைத்தால் வேகம் கூடும். 1 முதல் 100 வரை தேட நூறு இடம் கொண்ட அரே போதும் என்று நினைத்துவிடுவோம். 27 தன் வழியில் 9232-க்குப் போகும்போது அரேயின் எல்லையைத் தாண்டிக் கை நீளும். ஜாவா சத்தம் போடும். சி பேசாமல் பக்கத்து மெமரியில் கிடக்கும் குப்பையை எடுத்துத் தரும். எண் எல்லைக்குள் இருந்தால் மட்டும் கேஷைப் பாருங்கள், வெளியே போனால் சும்மா கணக்குப் போட்டுக்கொண்டே போங்கள். வழியில் கண்ட எல்லா எண்ணையும் டிக்ஷனரியில் கொட்டுவது மெமரியைத் தின்னும், பலனும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை மறுபடி தேவைப்படாது.

தன்னையே அழைக்கும் ஃபங்ஷனாக எழுதியவர்களுக்கு: பைத்தான் வழக்கமாக 1000 ஆழம் வரைதான் விடும். பத்து லட்சத்துக்குள் 524-தான் அதிகம், ஆகவே சோதனையில் பிரச்சினை தெரியாது. நூறு கோடிக்குள் 670617279 எடுப்பது 986 படி, விளிம்பில் நிற்கும். ஆயிரம் கோடிக்குள் 9780657630 எடுப்பது 1132, அங்கே உடையும். எல்லையை ஏற்றுவதைவிட லூப்பாக எழுதிவிடுவது நல்லது.

மெதுவாக இருக்கிறது என்பது மட்டும் குறை என்றால், அதிகப் படி தேடும்போது கீழ்ப்பாதியைத் தொடவே வேண்டாம். எ-வைவிட 2எ எப்போதும் ஒரு படி கூடுதல். எனவே பத்து லட்சம் வரை தேட ஐந்து லட்சத்துக்குக் கீழே உள்ளவை போட்டியிலேயே இல்லை.

அறிகுறி: பிரம்மாண்டமான எண்ணில் தொடங்கினால் நடுவழியில் பைத்தான் நின்றுவிடுகிறது

பைத்தான் முழுவெண்களுக்கு ஓவர்ஃப்ளோ கிடையாது என்ற தைரியத்தில் 2¹⁰⁰⁰⁰ − 1 போன்ற ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு உறுப்பையும் அச்சிடச் சொல்லியிருப்பீர்கள். நன்றாக ஓடும். பதினாலாயிரம் சுற்றுக்கு மேல் ஓடிவிட்டு, திடீரென்று மதிப்புப் பிழை என்று நிற்கும்.

தப்பு கணக்கில் இல்லை, அச்சிடுவதில். 3.11 பதிப்பு முதல் 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட முழுவெண்ணை எழுத்தாக மாற்ற பைத்தான் மறுக்கும். உங்கள் எண் தொடங்கும்போது 3011 இலக்கம்தான். ஆனால் 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கு ஒரு குணம் உண்டு: பெருக்கு, பாதியாக்கு, பெருக்கு, பாதியாக்கு என்று இடைவிடாமல் ஏறி, 2-இன் அடுக்கு முழுவதும் 3-இன் அடுக்காக மாறும்வரை ஓயாது. 7, 22, 11, 34, 17, 52, 26. அதாவது 2³ − 1 போய் 3³ − 1 வந்தது. அதேபோல 2¹⁰⁰⁰⁰ − 1 போய் 3¹⁰⁰⁰⁰ − 1 வரும். அது 4772 இலக்கம். நடுவில் 4300-ஐத் தாண்டும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. இலக்க வரம்பை நீக்குங்கள், அல்லது எண்ணுக்குப் பதில் அதன் பிட் நீளத்தை மட்டும் அச்சிடுங்கள். அதன் பிறகும் பொறுமை வேண்டும், முடிய ஒரு லட்சம் படிக்கு மேல் ஆகும். இது தொங்குவது இல்லை, நடப்பதே அவ்வளவு தூரம்.

அறிகுறி: 3-க்குப் பதில் 5 விழுந்தது, ஆனால் சுழற்சியும் வரவில்லை

முன்பு விட்டுவைத்தது. 5எ + 1 என்று தட்டியிருந்தால் 5-இல் தொடங்கும் தொடர் 26, 13 என்று போய் 13, 66, 33, 166, 83, 416, 208, 104, 52, 26-க்குள் சுழலும். 17-க்கும் தனிச் சுழற்சி உண்டு. 3-இல் தொடங்கினால் 16, 8, 4, 2, 1 என்று அழகாக முடிந்து உங்களை ஏமாற்றும்.

7-இல் தொடங்கினால் 36, 18, 9, 46, 23, 116, 58, 29, 146, 73, 366 என்று மேலே மேலே போகும். கணினி எவ்வளவு தூரம் துரத்தினாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அது என்றாவது திரும்பி வருமா, வராமலே போய்விடுமா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆகவே 5-ஐ 3 ஆக்கித் திருத்துங்கள். வேண்டுமென்றே 5 போட்டவர் என்றால், வால் வரும்வரை காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்துங்கள்.